சலவைக்கூடத்துச் சைகைகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு நான் மடித்த பதினோரு படுக்கை விரிப்புகளில் ஒன்பதைப் பெரியக்கா பிரித்துத் திரும்ப மடித்தார். எட்டு மாதத்துக்கு முன்பு, போன புதிதில், பதினொன்றையும் பிரித்திருப்பார். முன்னேற்றம் என்றே எழுதிவைக்கிறேன்.

செவ்வாயும் வியாழனும் காலை ஏழிலிருந்து பதினொன்றுவரை எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடம். மற்ற நாட்களில் கல்லூரி. பண்பாட்டு மானிடவியல் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு அழுக்குத் துணிக்கு நடுவில் என்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. நாலு பேர் சேர்ந்து இருக்கும் இடத்தில் யாரும் எழுதிவைக்காத முறைகள் எப்படியோ உண்டாகிவிடுகின்றன. கூடவே இருந்து அவற்றைப் பார்ப்பதுதான் என் வேலை. அதற்குக் காடு மலை ஏற வேண்டியதில்லை, மருத்துவமனையின் அடித்தளத்துக்குப் படியிறங்கினால் போதும். இதைச் சொன்னதற்கு என் மைத்துனர், "எங்க ஆபீஸ் பக்கம் மட்டும் வந்துடாதீங்க மச்சான்" என்றார்.

கூடத்தில் இரண்டு பக்கம். துவைக்கும் பக்கத்தில் ஒரே கூச்சல், சிரிப்பு, வசவு. மடிக்கும் பக்கத்தில் ஒரு சத்தமில்லை! இரண்டு பக்கத்திலும் இயந்திர இரைச்சல் ஒன்றுதான். ஆனால் மடிக்கும் மேசையில் எல்லாமே சைகை. உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் குழந்தைகள் வார்டுத் துணி. மூக்கைத் தொட்டால் மேற்பார்வையாளர் வருகிறார். தோளில் இரண்டு தட்டு தட்டினால் உருளையை நிறுத்து. ஈரத் துணியைச் சுடும் உருளைக்குள் கொடுக்கிறவர் உருளைக்காரர். முப்பது வருட அனுபவம், மலை மாதிரி ஆள். மறுமுனையில் சப்பட்டையாக வருவதை வாங்கி மடிப்பது பெரியக்காவும் இன்னும் மூன்று பேரும். கிழிந்ததை ஓரமாக உட்கார்ந்து தைப்பவள் ஊசி. தையல் வேலை என்பதால் மட்டும் வந்த பெயர் இல்லை, வாயும் அப்படித்தான்.

இதுவரை நாற்பத்தொரு சைகைகள் எழுதியாயிற்று. ஏன் இந்த மௌனம் என்பதும் பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். நோயாளியின் உடம்பு பட்ட துணி. அதன் முன்னால் பேச்சை அடக்குவது ஒரு மரியாதை. கட்டுரை இருபத்திரண்டு பக்கம் வந்திருக்கிறது. எனக்கே பிடித்திருக்கிறது!

மார்ச் 5, புதன்

வகுப்பில் மௌனத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் — நான் என்ன சொன்னாலும் எதிர்த்து ஒரு கேள்வி கேட்பாள், வகுப்பே அவளை 'எதிர்க்கட்சி' என்றுதான் கூப்பிடுகிறது — கையைத் தூக்கினாள்.

"ஏன் பேசறதில்லன்னு அவங்ககிட்டயே கேட்டீங்களா சார்?"

"நேரா கேட்டா நேரான பதில் வராதும்மா. பழகிப்போனதுக்குக் காரணம் சொல்ல யாராலயும் முடியாது."

"கேக்காம இருந்தா மட்டும் வந்துடுமா சார்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

மார்ச் 7, வெள்ளி

மகளின் பள்ளியில் பெற்றோர் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசும் நாள். எனக்கு முன்னால் பேசியவர் தீயணைப்பு வீரர், தலைக்கவசம் சகிதம். அவருக்குப் பின்னால் ஒரு மானிடவியல்காரன் எடுபடுவானா? பத்து வயதுக் குழந்தைகள் முப்பத்தாறு பேர் என்னை மின்விசிறியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பேச்சை நிறுத்திவிட்டு வேலை கொடுத்தேன். "இன்னிக்கு வீட்டுல ஒரு மணி நேரம், எல்லாரும் சாப்பிடறப்போ, யார் எங்க உக்கார்றாங்க, யார் முதல்ல எந்திரிக்கிறாங்க, யார் பேசினா யார் கேக்கறாங்க, எல்லாத்தையும் எழுதுங்க. நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லக் கூடாது. பாத்ததை மட்டும் எழுதணும்."

தீயணைப்பு வீரரின் மகளே முதலில் நோட்டை எடுத்தாள். வாழ்க்கையில் சில வெற்றிகள் உண்டு.

மார்ச் 10, திங்கள்

காலையிலிருந்து மூன்று போன். ஒரு அப்பா, "சார், என் பொண்ணு என்னை ஆராய்ச்சி பண்றா சார். நான் எத்தனை தடவை பாத்திரம் கழுவினேன்னு கட்டம் போட்டு வச்சிருக்கா. கட்டம் காலியா இருக்கு" என்றார். கோபமா, வருத்தமா என்று பிடிபடவில்லை. கடைசியில், "நேத்து கழுவினேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

என் மகளின் நோட்டு: "அப்பா 'ம்' என்று பதினாலு தடவை சொன்னார். அம்மா சொன்னது என்ன என்று பிறகு கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை." மனைவி அதைப் படியெடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

மார்ச் 13, வியாழன்

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! ஜூன் மாத இதழில் வரும். ஆசிரியர் எழுதியிருக்கிறார்: "மௌனம் பற்றிய பகுதி அபாரம்." மூன்று முறை படித்தேன். நான்காவது முறை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு "ம்" என்றாள். வேண்டுமென்றேதான்.

எழுதியதை, யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களிடம் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும் என்று வகுப்பில் வாய் வலிக்கச் சொல்பவன் நான். செவ்வாய்க்கிழமை படித்துவிடலாம். மகிழ்ந்துபோவார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

எங்கிருந்து ஆரம்பிப்பது...

உருளைக்காரர் பல் பிடுங்க விடுப்பு. உருளையை நிறுத்தியிருந்தார்கள். இடைவேளையில் மடிக்கும் மேசையைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்துப் படித்தேன். கடினமான சொற்களையெல்லாம் எளிமையாக்கி, நிறுத்தி நிதானமாக. "நோயுற்ற உடலின் சுவடு படிந்த துணியின் முன் அவர்கள் தங்கள் குரலை ஒப்புக்கொடுக்கிறார்கள்" என்ற இடத்தில் ஊசி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி மேசையே வெடித்தது. ஒருத்தி துணிக்குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். துவைக்கும் பக்கத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து என்ன என்று கேட்டார்கள். அவர்களுக்காக அந்த வரியை ஊசி மனப்பாடமாக ஒப்பித்தாள். ஒரே தடவை கேட்டதை!

"மரியாதையா? அந்தத் துணியில என்னென்ன ஒட்டிட்டு வரும்னு உங்களுக்குத் தெரியுமா சார்? மரியாதை வருமா அதுமேல?"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? பிறகு, "அப்ப ஏன்தான் பேசறதில்ல?" என்று கேட்டேன்.

கேட்ட மாத்திரத்தில் சிரிப்பு நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியக்கா எழுந்து, "தம்பி, இப்படி வாங்க" என்று தையல் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணனுக்குக் காது கேக்காது."

"யாருக்கு?"

"உருளை அண்ணனுக்குத்தான். நாலு வருஷமா. மெல்ல மெல்லப் போயிடுச்சு. மணி அடிச்சாக்கூட கேக்காது. தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. ரிட்டையர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதான் நாங்க எல்லாருமே வாயை மூடிக்கிட்டு கையால பேச ஆரம்பிச்சோம். எல்லாரும் சைகையில பேசினா அவருக்குக் கேக்காதது யாருக்குத் தெரியப்போவுது?"

"அவருக்குத் தெரியுமா, நீங்க அவருக்காகத்தான்..."

"அய்யோ, தெரியக் கூடாது தம்பி! மானஸ்தன். எங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா அன்னைக்கே கணக்கை முடிச்சிட்டுப் போயிடுவாரு."

மார்ச் 19, புதன்

காது கேளாத ஒருவர் பக்கத்தில் எட்டு மாதம் நின்றுகொண்டு மௌனத்தைப் பற்றி இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஆசிரியருக்கு எழுதினேன். காரணம்: "நான் எழுதியது தவறு. சரியானதை எழுத எனக்கு உரிமையில்லை." இரண்டாவது வாக்கியத்தை இரண்டு முறை அழித்து, மூன்றாவது முறை அப்படியே விட்டுவிட்டேன்.

வருத்தமாக இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் வேறு ஒன்றும் இருக்கிறது. ஒரு மனிதனை மறைத்துவைக்க ஒரு அறையே தன் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கிறது! நான் கட்டிய கதையைவிட நூறு மடங்கு பெரிய விஷயம் மூக்குக்கு முன்னால் நடந்திருக்கிறது. இன்று முழுக்க அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். பெரியக்கா, வார்டுகளிலிருந்து வரும் துணியை வாங்கும் சன்னலுக்குப் போயிருந்தார். ஊசி தையல் அறையில். மற்ற மூவரும் மடித்ததை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். ஈர விரிப்பின் ஒரு முனை உருளையில் சுற்றிக்கொண்டது. உருளையின் எச்சரிக்கை மணி அடித்தது. உருளைக்காரர் திரும்பவில்லை. அடுத்த விரிப்பை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். முதல் விரிப்பின் மறுமுனை அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்ததை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அது அவரை இழுக்கத் தொடங்கிவிட்டது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தோளில் இரண்டு தட்டு. அவர் காலடிக் கட்டையை மிதித்தார். உருளை நின்றது. அவர் கைக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு சாண்.

அவர் விரிப்பை நிதானமாக அவிழ்த்துவிட்டு, என்னைப் பார்த்துப் புன்னகைத்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

இதற்குமேல் எனக்குத் தெரியாது என்று எப்படி இருப்பது? சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாமல் இருந்து கை போனால்?

மார்ச் 27, வியாழன்

மருத்துவமனையின் புது நிர்வாகி கூப்பிட்டிருந்தார். நிதானமான அம்மா. மேசையில் ஒரு பேனாகூடக் கோணலாக இல்லை.

"சலவைக்கூடத்துக்குப் புது இயந்திரம் வாங்கப்போறோம். யார் எங்க நிக்கறாங்க, யார் எவ்வளவு வேலை செய்யறாங்கன்னு உங்க நோட்டுல இருக்கும் இல்லையா? அதைக் கொடுத்தீங்கன்னா ஆள் பிரிக்க வசதியா இருக்கும்."

"அது ஆராய்ச்சிக் குறிப்பு மேடம். அவங்க நம்பி என்னைப் பக்கத்துல நிக்கவிட்டதால எழுதினது."

"அனுமதி குடுத்தது நாங்கதானே?"

"கதவைத் திறந்தது நீங்க மேடம். பேசினது அவங்க."

சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் நாடகத்தனமாகத் தோன்றியது. நிர்வாகி கோபப்படவில்லை. திங்கட்கிழமைவரை யோசித்துச் சொல்லுங்கள் என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

ஆறு நோட்டுகள். பெயர் போடாமல் அடையாள எழுத்துதான் போட்டிருக்கிறேன். ஆனால் உருளை ஒன்று, அதன் முன்னால் நிற்பவர் ஒருவர். 'உ. மணி அடித்தும் திரும்பவில்லை. தோளைத் தட்டினார்கள்' என்று நானே எத்தனை பக்கத்தில் எழுதியிருக்கிறேன்! என்னவென்றே புரியாமல் எழுதியதை, படிக்கிறவர் ஒரு மணி நேரத்தில் புரிந்துகொள்வார்.

மார்ச் 28, வெள்ளி

செய்தி அதற்குள் கல்லூரி முதல்வருக்குப் போய்விட்டது. அவர் வேதியியல்காரர்.

"நோட்டைக் குடுத்துட்டுப் போயேன்யா. நான் உப்பை ஆராய்ச்சி பண்ணேன், முடிவை எழுதினேன். உப்புகிட்டயா அனுமதி கேட்டேன்?"

"உப்புக்கு வேலை போகாது சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொன்னதை நான் கேக்கல. நான் சொன்னதையும் நீ கேக்கல. போ" என்றார். நல்ல மனிதர்.

மார்ச் 30, ஞாயிறு

மதியம் துணி உலர்த்திக்கொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நிர்வாகி, நோட்டு, அந்த ஒரு சாண் இடைவெளி.

"நோட்டைக் குடுக்கமாட்டேன், அது முடிஞ்சுபோச்சு. ஆனா இப்படியே விட்டா? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எப்படித் தூங்கறது? பெரியக்காகிட்டச் சொன்னா, 'இன்னும் ஜாக்கிரதையா இருக்கோம் தம்பி'ங்கறாங்க. ஜாக்கிரதையா இருந்தா போதுமா? நாலு வருஷம்! ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு!"

அவள் தலையணை உறையை உதறிப் போட்டுவிட்டுக் கேட்டாள். "இதையெல்லாம் நீங்களும் அந்தம்மாவும் பேசிக்கிறீங்க. சரி. அந்த மனுஷன்கிட்ட யாராவது பேசினீங்களா?"

இல்லை.

முதலில் மௌனத்துக்குக் காரணம் கேட்கவில்லை. இப்போது காது கேளாதவரிடமே கேட்கவில்லை. இருபது வருடமாக 'கேள்' என்று சொல்லிக்கொடுத்துப் பிழைப்பு நடத்துகிறேன்.

மார்ச் 31, திங்கள்

நோட்டு தர இயலாது என்று நிர்வாகிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு வரி. முப்பது தடவை படித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அனுமதி ரத்து. வாசல் காவலர் எட்டு மாதமாக நான் போன நாளெல்லாம் வணக்கம் சொன்னவர். இன்றைக்கு என் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க சார். தேதி வேற இன்னிக்கு இப்படி இருக்கு, விளையாட்டுன்னு நினைச்சுடாதீங்க" என்றார். நினைக்கவில்லை.

பெரியக்கா வெளியே வந்தார். எதிரே இருக்கும் டீக்கடையில் நின்றபடி பேசினோம். உருளைக்காரரிடம் பேசிவிட வேண்டும் என்றேன். பெரியக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்குக் கையில சுத்திக்கிச்சுன்னு எனக்கு நீங்க சொல்லித்தான் தெரியும். அவரு மூச்சு விடல" என்றார். பிறகு, "வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சதும் கூட்டிட்டு வர்றேன். நீங்கதான் ஆரம்பிக்கணும். எனக்கு அழுகை வந்துரும்."

ஏப்ரல் 3, வியாழன்

டீக்கடையின் பின்பக்க மேசை. நான், பெரியக்கா, ஊசி, எதிரே உருளைக்காரர். அவருக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் தாண்டுவதற்குள் பெரியக்காவுக்குச் சொன்னபடியே அழுகை வந்துவிட்டது.

அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

பெரியக்கா அழுகையை நிறுத்திவிட்டார். "எது?"

"நீங்கல்லாம் நடிக்கிறது! ஒரு நாள் பேசிக்கிட்டிருந்த மேசை, மறுநாள் ஊமை மேசை. நாலு வருஷமா வாயைக் கட்டிக்கிட்டு இவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கிறீங்களே, அதைக் கெடுப்பானேன்னு நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

"அடப்பாவி மனுஷா!" என்று பெரியக்கா அவர் தோளில் ஒரு அடி வைத்தார். சைகை இல்லை. அடிதான்.

"நாலு வருஷம் அண்ணே," என்றாள் ஊசி. "எனக்குப் பேசாம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. உன் மூஞ்சியில ஓடும், படிச்சுக்குவேன்."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "அன்னிக்குத் தட்டினப்போ உங்க கை நடுங்கிச்சு சார். மத்தவங்க தட்டறப்போ நடுங்காது. அன்னிக்கே யோசிச்சேன். இனிமே இது சரிப்படாதுன்னு."

நிர்வாகி நோட்டு கேட்டதைச் சொன்னேன். தரவில்லை என்பதையும். அவர் கையை நீட்டினார்.

"அந்த நோட்டை எனக்குக் குடுங்க. என்னைப் பத்தித்தானே இருக்கு?"

எட்டு மாதத்தில் இந்த யோசனை எனக்கு ஒரு தடவையாவது வந்ததா? வரவில்லை. பையிலிருந்து ஆறையும் எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

படித்துக்கொண்டிருப்பார். 'உ. மூக்கைச் சொறிந்தார் (சைகையா?)' என்றெல்லாம் எழுதியிருக்கிறேனே!

ஏப்ரல் 10, வியாழன்

உருளைக்காரர் கல்லூரியில் என் அறைக்கே வந்துவிட்டார். பிரம்பு நாற்காலி கொள்ளாத உருவம், கையில் ஆறு நோட்டு. ஓரத்தில் பென்சில் குறிப்புகள். நாற்பத்தொரு சைகைகளில் மூன்று சைகையே இல்லை, அதில் ஒன்று அவருக்குத் தோள் அரிப்பு. விட்டுப்போனவை ஆறு, படம் போட்டுக் காட்டியிருந்தார். இரண்டாவது நோட்டில் ஒரு பக்கத்தில் 'இந்த நாள் நான் வரவே இல்லை' என்று எழுதி அடிக்கோடு. பார்த்தால் அன்றைக்கு நானும் போகவில்லை, முந்தின வாரத்தை நினைவிலிருந்து எழுதித் தேதியைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். இருபது வருட வாத்தியார் மானம் கப்பலேறியது.

"சார், இதைப் படிச்சதுல எனக்கு ஒண்ணு தோணிச்சு. மணி அடிச்சு நான் திரும்பலைன்னு எழுதியிருக்கீங்க. சரி. ஆனா பாருங்க, பெரியக்காவும் திரும்பல. பதினேழு எடத்துல. ஒவ்வொரு தடவையும் ஊசிதான் முதல்ல திரும்புது, அது சின்ன வயசு. என் காது மட்டும்தான் போச்சுன்னு யார் சொன்னா? முப்பது வருஷமா அந்தச் சத்தத்துக்குள்ள எல்லாருந்தானே நிக்கறோம்?"

நான் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினேன். பதினேழு இடம். எல்லாம் என் கையெழுத்து. நான் எழுதியதை முதல்முறையாக ஒருவர் படித்திருக்கிறார்!

அவரே நிர்வாகியிடம் போகிறாராம், மேசை ஆட்களோடு. எனக்காக யாரும் பேச வேண்டாம், எல்லோருக்காகவும் நான் பேசுகிறேன் என்றார். அந்தப் பதினேழையும் தனித்தாளில் அவர் கையாலேயே எடுத்து எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவர்கள் உள்ளே. நான் டீக்கடையில். ஐந்து டீ. ஐந்தாவதைக் கொண்டுவந்த கடைக்காரர், "உள்ள யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்று பரிவோடு கேட்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள். நிர்வாகி முழுக்கக் கேட்டிருக்கிறார். குறுக்கே பேசவில்லையாம். கடைசியில், "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஊசி, "முன்னாடி யாரும் கேக்கல மேடம்" என்றாளாம். அந்த அம்மா தாளை வாங்கிவைத்துக்கொண்டு, வரும் வாரமே கூடத்தில் எல்லோருக்கும் காது பரிசோதனை என்று சொல்லிவிட்டார். காது மருத்துவர் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார். இரண்டு மாடி மேலே. நாலு வருடமாக!

ஏப்ரல் 24, வியாழன்

முடிவுகள் வந்துவிட்டன. உருளைக்காரருக்கு இரண்டு காதிலும் கருவி. வேலை போகாது. துணி வாங்கும் சன்னலுக்கு மாறிக்கொள்கிறார், அவரே கேட்டது. இன்னும் நாலு பேருக்கு ஆரம்ப நிலை. அதில் ஒருவர் பெரியக்கா. "எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல. அந்த டாக்டர் மெல்லப் பேசறாரு" என்று சாதிக்கிறார். எல்லோருக்கும் காதுக்கு அடைப்பான். உருளையின் மேல் மணியோடு சேர்த்து ஒரு சிவப்பு விளக்கு. ஒரு விளக்கு! அதைப் போட எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேரம் ஆனதாம்.

மே 6, செவ்வாய்

ஊசி போன் செய்தாள். மறைக்க ஒன்றுமில்லை என்பதால் மடிக்கும் மேசை பேச ஆரம்பித்துவிட்டதாம். நாலு வருட பாக்கியைச் சேர்த்துப் பேசுகிறார்கள். கருவி மாட்டிய முதல் நாளே உருளைக்காரர் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணி மாட்டிவிட்டீங்க?" என்று கேட்டாராம்.

மே 14, புதன்

இந்த ஆண்டின் கடைசி வகுப்பு. அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு, நடந்ததை ஆதியோடந்தம் சொன்னேன். என் கட்டுரையின் அபாரமான வரியையும் படித்தேன். சிரித்து முடித்ததும் எதிர்க்கட்சி கையைத் தூக்கினாள். தயாராக இருந்தேன்.

"கேள்வி இல்ல சார். அடுத்த வருஷமும் இந்தப் பாடம்தான் எடுக்கப்போறேன், அதைச் சொல்லத்தான்."

மே 29, வியாழன்

புதிதாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். நான் எப்படித் தப்பாகப் பார்த்தேன் என்பதிலிருந்து. எந்தச் சைகைகளை வெளியே சொல்லலாம் என்று மேசையில் வாக்கெடுப்பு நடத்தினார்களாம். இரண்டுக்கு மட்டும் தடை. அவை என்னவென்று இந்த நோட்டிலும் எழுதப்போவதில்லை. மேற்பார்வையாளர் நிம்மதியாக இருக்கட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

நிர்வாகி போன் செய்தார். "நீங்க மறுபடி வரலாம். நோட்டைக் கேக்கமாட்டேன்." கூடவே, "எங்க கணக்குப் பிரிவுலகூட யாரும் யார்கூடயும் பேசறதில்ல. அதையும் ஒரு நாள் பாருங்களேன்" என்றார். அவர்களிடம் முதலில் கேட்கிறேன் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

சலவைக்கூடத்துக்குப் போயிருந்தேன். சன்னல் அறை சின்னது. ஒரு முக்காலி, ஒரு தராசு, வார்டு எண் போட்ட அலமாரிகள். உருளைக்காரர் என்று கூப்பிட்டால் இப்போது திரும்புவதில்லை, சன்னல்காரராம். காது கேட்காமல் இல்லை, பதவி மாறிவிட்டது.

"உக்காருங்க சார். ஒரு விஷயம் சொல்றேன். துணி கொண்டுட்டு வர்றாங்கல்ல, குழந்தைங்க வார்டு ஆளுங்க வண்டியை இந்தச் சன்னல்ல வச்சதும் உடனே போறதில்ல. ஒரு நிமிஷம் நிக்கறாங்க. ஒண்ணும் பேசறதில்ல. மத்த வார்டு ஆளுங்க அப்படி இல்ல, தள்ளிவிட்டுட்டு ஓடுவாங்க. ஏன்னு..."

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அவர் தலையை ஆட்டினார்.

"எழுதாதீங்க. இது என்னோடது."

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீல அட்டை. பாதி நிரம்பியிருந்தது. தேதி, நேரம், வார்டு என்று கோடு போட்டிருந்தார். காரணம் என்று ஒரு கட்டம். அது மட்டும் எல்லாப் பக்கத்திலும் காலி.

"காரணம் எழுதலையா?" என்று கேட்டேன்.

"இன்னும் அவங்ககிட்டக் கேக்கலையே."

வெளியே சக்கரச் சத்தம் கேட்டது. அவர்தான் முதலில் திரும்பினார். நோட்டை விரித்துப் பென்சிலை எடுத்துக்கொண்டு, முக்காலியோடு என்னை அலமாரிப் பக்கமாகத் தள்ளினார்.

"அப்படி ஓரமா உக்காருங்க சார். புது ஆளைப் பாத்தா அவங்க இயல்பா இருக்கமாட்டாங்க."